செல்லோதான் இனி பிழைப்பு என்று முடிவெடுத்தவர்களுக்கு

செல்லோ, அதாவது உட்கார்ந்து கால்களுக்கு நடுவே நிறுத்தி வில்லால் வாசிக்கும் பெரிய வயலின் போன்ற வாத்தியம். செல்லோ கலைஞர் என்றால் மேடை நடுவில் தனியாக உட்கார்ந்து, பின்னால் முழு ஆர்கெஸ்ட்ராவும் துணைக்கு வர கான்செர்டோ (தனி வாத்தியத்துக்கும் ஆர்கெஸ்ட்ராவுக்குமான படைப்பு) வாசிப்பவர் என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். ரோஸ்ட்ரபோவிச் மாதிரி, யோ-யோ மா மாதிரி. அப்படி வாழ்பவர்கள் ஒரு தலைமுறைக்கு விரல்விட்டு எண்ணும் அளவுதான். மற்றவர்கள் ஆர்கெஸ்ட்ராவில் ஒரு நாற்காலியைப் பிடிக்கிறார்கள், நால்வர் குழுவில் சேர்கிறார்கள், பாடம் சொல்லித் தருகிறார்கள், பலர் மூன்றையும் கலந்து செய்கிறார்கள். அதனால் பயிற்சியையும் அந்த வாழ்க்கைக்கு ஏற்றபடி அமைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

அடிப்படைக்குச் சுற்றிவளைக்க வேண்டாம்: தினமும் ஸ்கேல் (ஸ்வர வரிசை), செல்லோ கலைஞர் பாப்பர் எழுதிய 40 எட்யூட்கள் (பயிற்சிப் பாடங்கள்), பாக்கின் ஆறு சூட்கள் (தனி செல்லோவுக்கான நடன இசைத் தொகுப்புகள்). பாக் தன் கையால் எழுதிய பிரதி இன்று இல்லை, அவர் மனைவி அன்னா மக்தலேனா எடுத்த நகல்தான் முக்கிய ஆதாரங்களில் ஒன்று, அதிலும் எந்தெந்த ஸ்வரங்களை ஒரே வில்லில் சேர்த்து இழுப்பது என்பது பல இடங்களில் தெளிவாக இல்லை. ஆகவே ஒரே ஒரு பதிப்பை வேதமாக எடுத்துக்கொள்ளாமல் இரண்டு மூன்றை ஒப்பிட்டுப் பாருங்கள். அவசரமும் வேண்டாம். செல்லோ மேதை பாப்லோ காசல்ஸ் 13 வயதில் பார்சலோனாவில் ஒரு கடையில் இந்தச் சூட்களின் பிரதியைக் கண்டெடுத்தார், ஆறையும் முழுசாக ஒலிப்பதிவு செய்யத் தொடங்கியது 1936-இல், அப்போது அவர் அறுபதை நெருங்கியிருந்தார்.

சரி, ஆடிஷனுக்கு (ஆர்கெஸ்ட்ராவில் சேர வாசித்துக்காட்டும் தேர்வுக்கு) வருவோம், பலருடைய தொழில் நிற்பதும் விழுவதும் இங்கேதான். பல ஆர்கெஸ்ட்ராக்களில் முதல் சுற்றில் உங்களுக்கும் நடுவர்களுக்கும் இடையே திரை இருக்கும். முகம், வயது, யாரிடம் படித்தீர்கள் எதுவும் தெரியாது, காதில் விழுவது மட்டும்தான். ஹைடனின் டி மேஜர் கான்செர்டோவின் தொடக்கம் அடிக்கடி கேட்கப்படும், அப்புறம் ஆர்கெஸ்ட்ரா படைப்புகளிலிருந்து துண்டுகள்: பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனி, பிராம்ஸின் இரண்டாவது, ஸ்ட்ராஸின் டான் ஜுவான், டெபுஸியின் லா மெர்.

இதில் நிறையப் பேர் கோட்டைவிடுவது கஷ்டமான துண்டுகளில் அல்ல. பீத்தோவன் ஐந்தின் இரண்டாம் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். வயோலாவும் (வயலினைவிடச் சற்றுப் பெரிய வாத்தியம்) செல்லோவும் சேர்ந்து மென்மையாகத் தொடங்கும் மெட்டு, ஏ ஃபிளாட் மேஜர், 3/8 தாளம். விரலுக்குப் பெரிய வேலை இல்லை. ஆனால் புள்ளி வைத்த நீள ஸ்வரமும் அடுத்து வரும் குட்டி ஸ்வரமும் மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் விழ வேண்டும், கொஞ்சம் அசந்தால் அது இரண்டுக்கு ஒன்றாகக் குழைந்து தாலாட்டு போல ஆகிவிடும். வாசிப்பவருக்கு அது இனிமையாகவே கேட்கும், வம்பே அதுதான். திரைக்குப் பின்னால் இருப்பவருக்கோ இவரைப் பக்கத்தில் உட்காரவைத்தால் காலப்பிரமாணம் நிற்குமா என்ற சந்தேகம் முதல் நான்கு வரிக்குள் வந்துவிடும். அழகான நாதம் இருந்தும் திருப்பி அனுப்பப்படுபவர்களில் பலர் தாளத்தில்தான் போகிறார்கள் என்பது என் கருத்து, நாதத்தை மெருகேற்றும் நேரத்தில் பாதியை மெட்ரோனோமுக்கு (சீராகத் தட்டித் தாளம் காட்டும் கருவிக்கு) கொடுத்தால்கூடத் தவறில்லை.

பயிற்சி செய்யும் விதம்: மெட்ரோனோமை மிக நுண்ணிய ஸ்வர அளவில் தட்டவிட்டு, வில்லைத் தொடாமல் அந்தத் தாளத்தை வாயால் சொல்லிப் பாருங்கள், பிறகு ஒரே தந்தியில் ஒரே ஸ்வரத்தில் வில்லால் மட்டும் வாசியுங்கள், கடைசியில்தான் மெட்டு. பதிவு செய்து மறுநாள் கேளுங்கள், அன்றைக்கே கேட்டால் காது சலுகை காட்டும். முழு ஆர்கெஸ்ட்ராவின் பதிவையும் கேட்டு வையுங்கள், நீங்கள் வாசிக்கும்போது மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று தெரிந்து வாசிப்பவரை நடுவர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

உடம்பு. இடது கட்டைவிரலால் செல்லோவின் கழுத்தை நசுக்காதீர்கள், மணிக்கணக்கில் ஒரே மூச்சில் உட்காராதீர்கள், வலி என்றால் நிறுத்துங்கள். வலியோடு வாசிப்பதைப் பெருமையாகச் சொல்பவர்களை நம்பாதீர்கள். இதையெல்லாம் சரியாகச் செய்தாலும் சில விஷயங்கள் நம் கையில் இல்லை: எல்கரின் செல்லோ கான்செர்டோவை வாசித்துப் பெயர் பெற்ற ஜாக்குலின் டு ப்ரே, தண்டுவட மரப்பு நோயால் 1973-இல், 28 வயதில், மேடையை விட்டார். பிறகு கற்பித்தார். பாடம் சொல்லும் திறமையை இளமையிலேயே வளர்த்துக்கொள்ளச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

வாத்தியம் வாங்கும்போது எஃப், எஃப் ஷார்ப் ஸ்வரங்களின் பக்கம் மெதுவாக வில்லை இழுத்துப் பாருங்கள். நல்ல செல்லோக்களிலும் அங்கே ஒரு ஸ்வரம் நடுங்கி உறுமும், அதற்கு ஓநாய் ஸ்வரம் என்று பெயர். அதற்காக வாத்தியத்தை ஒதுக்க வேண்டியதில்லை, பாலத்துக்கு (தந்திகளைத் தாங்கும் மரத்துண்டுக்கு) கீழே தந்தியில் மாட்டும் ஒரு சின்ன உலோகக் குழாய் பல நேரம் அடக்கிவிடும். வில்லுக்குத் தனியாகப் பணம் ஒதுக்குங்கள், மிச்சம் இருந்தால் பார்க்கலாம் என்று விடாதீர்கள். விமானத்தில் செல்லோவுக்கும் ஒரு இருக்கை வாங்க வேண்டியிருக்கும், பழைய வில்லில் யானைத் தந்தம் இருந்தால் எல்லையில் ஆவணம் கேட்பார்கள். காப்பீடு எடுங்கள். 1999-இல் யோ-யோ மாவே மொண்டான்யானா என்ற கைவினைஞர் 1733-இல் செய்த தன் செல்லோவை நியூயார்க்கில் ஒரு டாக்ஸியில் விட்டுவிட்டு இறங்கினார், அன்றைக்கே திரும்பக் கிடைத்தது அவர் அதிர்ஷ்டம். டாக்ஸி ரசீதை வாங்கி வைக்கும் பழக்கமும் நல்லதுதான்.