பல வரிகளில் உள்ள எழுத்தை ஒரே புலத்தில் சேர்ப்பது: மைஎஸ்கியூஎல் செய்முறை

மைஎஸ்கியூஎல் (MySQL) என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் ஒரு பைக் சர்வீஸ் கடையின் தகவல்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். வண்டிக்கு ஒரு வேலை எண். ஆனால் மெக்கானிக்கின் குறிப்புகள் பல: 'பிரேக் ஷூ தேய்ந்துள்ளது', 'செயின் மாற்றியாச்சு' என ஒவ்வொன்றும் தனி வரி. பில்லில் அச்சிட எல்லாம் ஒரே புலத்தில் வேண்டும்.

1. முதலில் அளவைக் கூட்டுங்கள்

பல வரிகளை ஒட்டித் தருவது 'குரூப்_கான்கேட்' (GROUP_CONCAT) என்ற செயல்பாடு. அது தரும் விடைக்கு ஒரு நீள வரம்பு உண்டு (group_concat_max_len). பலரும் இதைக் கடைசியில்தான் பார்க்கிறார்கள். கட்டளைச் சொற்களை ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

செட் செஷன் குரூப்_கான்கேட்_மேக்ஸ்_லென் = 1000000;

மைஎஸ்கியூஎல்லில் இதன் இயல்பு அளவு 1024 பைட்தான். ஆங்கிலத்துக்கு ஏதோ தாங்கும். தமிழ் எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 'ம' 3 பைட், அதன் மேல் வைக்கும் புள்ளி இன்னொரு 3 பைட். 'ம்' மட்டுமே 6 பைட்டைத் தின்றுவிடும். நாலைந்து நீளமான குறிப்பிலேயே இடம் தீர்ந்துபோகும். அப்புறம் வருவது வெட்டுப்படும், சில சமயம் புள்ளிகூடக் கழன்றுவிடும். செலக்ட் கட்டளை இதற்காக நிற்காது; வெறும் எச்சரிக்கைதான் தரும். 'ஷோ வார்னிங்ஸ்' போட்டுப் பாருங்கள். இந்த மாற்றம் அந்த இணைப்பு இருக்கும் வரைதான் என்பதால், ஸ்கிரிப்ட்டின் முதல் வரியிலேயே எழுதிவிடுவது நல்லது.

2. சேர்த்துப் பாருங்கள்

டேபிள், புலப் பெயர்கள் தமிழில் இருந்தாலும் மைஎஸ்கியூஎல் ஏற்கும்.

செலக்ட் வேலை_எண்,
குரூப்_கான்கேட்(குறிப்பு ஆர்டர் பை வரிசை செப்பரேட்டர் ' | ')
ஃப்ரம் குறிப்புகள்
குரூப் பை வேலை_எண்;

'ஆர்டர் பை' இல்லாவிட்டால் எந்தக் குறிப்பு முதலில் வரும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. செப்பரேட்டர் என்பது குறிப்புகளுக்கு இடையில் வரும் குறி; அதை விட்டால் வெறும் காற்புள்ளிதான் வரும். குறிப்புக்குள்ளேயே காற்புள்ளி இருந்தால் குழப்பம்.

குறிப்போடு தேதியையும் ஒட்ட வேண்டுமா? ஒரே வரியின் புலங்களை ஒட்டும் 'கான்கேட்' (CONCAT) வேண்டாம். தேதி மதிப்பே இல்லாமல் காலியாக (NULL) இருந்தால் அந்தக் குறிப்பே மொத்தமாகக் காணாமல் போகும். 'கான்கேட்_டபிள்யூஎஸ்' (CONCAT_WS) அந்தக் காலி மதிப்பை மட்டும் தாண்டிவிட்டு மீதியை ஒட்டும்.

3. சேமிக்கும் புலம்

255 எழுத்து வரை கொள்ளும் 'வார்சார் 255' புல வகையெல்லாம் போதாது. 'டெக்ஸ்ட்' 65,535 பைட் கொள்ளும். அதுவும் போதாதென்றால் 'மீடியம்டெக்ஸ்ட்', சுமார் 16 எம்பி. சரி, புலம் தயாரானதும் மேலே உள்ள செலக்டை அப்டேட் கட்டளையில் ஜாயின் செய்தால் வேலை முடிந்தது. பழைய வரிகளை அழிக்காதீர்கள். சேர்த்ததை மறுபடி பிரிப்பது பெரும்பாடு. குறிப்புகள் தினமும் மாறும் என்றால் சேமிக்கவே வேண்டாம், ஒரு வியூ (பெயர் வைத்துச் சேமித்த செலக்ட்) போதும். அப்போதும் படிக்கும் இணைப்பில் முதல் படியின் அளவைக் கூட்டியிருக்க வேண்டும்.