அல்ட்ராசவுண்ட் அலை உடம்புக்குள் எவ்வளவு தேய்கிறது? நாமே கணக்குப் போட்டுப் பார்ப்போம்

தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். கல்லீரலில், தோலிலிருந்து 10 செ.மீ. ஆழத்தில் உள்ள ஓர் இடம்தான் நம் இலக்கு.

படி 1: நேரம்
மென்திசுக்களில் ஒலி சராசரியாக விநாடிக்கு 1540 மீட்டர் போகும். போய்த் திரும்ப 20 செ.மீ. அதற்கு ஆகும் நேரம் சுமார் 130 மைக்ரோ விநாடி. இந்த நேரத்தை வைத்துத்தான் மெஷின் ஆழத்தைக் கணிக்கிறது.

படி 2: தேய்மானம்
முக்கியமான இடம் இதுதான், நிதானமாகப் போடுங்கள். மென்திசுவில் ஒரு செ.மீ.க்கு, அலையின் அதிர்வெண்ணில் ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு ஏறக்குறைய 0.5 டெசிபெல் குறையும். பெரும்பகுதி வெப்பமாக மாறிவிடும், கொஞ்சம் சிதறிப்போகும். வயிற்று ஸ்கேனுக்கு 3.5 மெகாஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம்:

0.5 × 3.5 × 20 = 35 டெசிபெல்

10 டெசிபெல் குறைந்தால் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். 35 என்றால் மூவாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதுவும் அலை முழுசாக எதிரொலித்தால்தான்! உண்மையில் உறுப்புக்குள்ளிருந்து திரும்புவது துளியூண்டு.

படி 3: அதிர்வெண்ணை மாற்றுங்கள்
அதிர்வெண் கூடினால் அலைநீளம் குறையும், படம் துல்லியமாகும். சரி, 10 மெகாஹெர்ட்ஸ் போடலாமே? 0.5 × 10 × 20 = 100 டெசிபெல். ஆயிரம் கோடியில் ஒரு பங்கு! ஆழமா, துல்லியமா என்ற இழுபறி இங்கேதான் தொடங்குகிறது.

படி 4: எல்லைகள்
காற்றும் திசுவும் சந்திக்கும் இடத்தில் 99.9 சதவீதம் திரும்பிவிடும். புரோபுக்கும் (தோல்மேல் வைத்து நகர்த்தும் கருவி) தோலுக்கும் நடுவே காற்று இருக்கக் கூடாதென்றுதான் அந்தச் சில்லென்ற ஜெல்லைத் தடவுகிறார்கள்.

படி 5: ஈடுகட்டுதல்
ஆழத்திலிருந்து வரும் எதிரொலியை மெஷின் கூடுதலாகப் பெருக்கிக் காட்டும். சிறுநீரில் அலை அவ்வளவாகத் தேயாது. ஆனால் மெஷினுக்கு அது தெரியாது, வழக்கம்போலப் பெருக்கிவிடும். அதனால் நிறைந்த சிறுநீர்ப்பைக்குப் பின்னால் உள்ள பகுதி பளிச்சென்று தெரியும். பித்தப்பைக் கல்லுக்குப் பின்னால் நேர்மாறாக, கறுப்பு நிழல் விழும். எனக்கு இந்த நிழல்மேல் தனி மரியாதை உண்டு. இருப்பது கல்தான் என்று டாக்டருக்குக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் அதுதான்.

அப்புறம், தைராய்டுக்கு நீங்களே போட்டுப் பாருங்கள்: ஆழம் 2 செ.மீ., 10 மெகாஹெர்ட்ஸ். விடை 20 டெசிபெல் வந்ததா? கழுத்து ஸ்கேனுக்கு ஏன் வேறு புரோப் எடுக்கிறார்கள் என்று இப்போது தெரிந்திருக்கும்.