ஜப்பானிய யாகுசா படங்கள்: புதிதாகப் பார்ப்பவர்களுக்கு

யாகுசா என்றால் ஜப்பானிய ரவுடிக் கும்பல். அந்த வகைப் படம் பார்க்க எடுத்த எடுப்பிலேயே 'இச்சி தி கில்லர்' போட்டு, அரைமணி நேரத்தில் குமட்டிப்போய், ஜப்பான் பக்கமே திரும்பாதவர்கள் நிறைய. தகாஷி மீகேயின் அந்த 2001 படம் கடைசியில் பார்க்க வேண்டியது.

அகிரா குரோசவாவின் 'ஹை அண்ட் லோ'வில் (1963) தொடங்குங்கள். இது யாகுசா படமல்ல, கடத்தல் கதை; பழகிக்கொள்ள நல்லது. ஷூ கம்பெனி அதிகாரியின் மகன் என்று நினைத்து டிரைவரின் மகனைக் கடத்திவிடுகிறான் ஒருவன். முதல் ஒரு மணி நேரம் கிட்டத்தட்ட ஒரே வீட்டுக்குள் நகரும்; ஓட்டிவிடாதீர்கள். பணப்பை 7 செ.மீ. கனத்தைத் தாண்டக் கூடாது என்கிறான் கடத்தியவன். ஏன் என்பது ரயிலில் தெரியும்.

அடுத்து கிஞ்சி ஃபுகசாகுவின் 'பேட்டில்ஸ் வித்தவுட் ஹானர் அண்ட் ஹ்யூமானிட்டி' (1973). போர் முடிந்த கையோடு ஹிரோஷிமா பக்கம் நடந்த உண்மையான கும்பல் சண்டைகளே கதை. ஆரம்பத்திலேயே பெயர்கள் மளமளவென்று கொட்டும். ஒரு தாளில் கும்பல்வாரியாக எழுதிக்கொள்ளுங்கள். ஒருவன் செத்ததும் காட்சி உறைந்து பெயரும் தேதியும் வரும். அங்கே நிறுத்தி, தாளில் அடித்துவிடுங்கள். தவறு செய்தவன் சுண்டுவிரலை வெட்டித் தலைவனிடம் கொடுப்பது யாகுசா வழக்கம். இந்தப் படத்தில் வெட்டிய விரல் தெறித்துக் காணாமல் போகிறது. எல்லோரும் முற்றத்தில் தேடினால், அது கோழிகளிடம் கிடக்கிறது. வீரம், விசுவாசம் என்ற பேச்சையெல்லாம் ஃபுகசாகு எப்படிப் பார்க்கிறார் என்பதற்கு இந்த ஒரு காட்சி போதும்.

தகேஷி கிதானோவின் 'சோனட்டைன்' (1993) நேரெதிர். ஒகினாவா கடற்கரையில் ரவுடிகள் வெறுமனே விளையாடிக்கொண்டிருப்பார்கள். துப்பாக்கி முன்னறிவிப்பில்லாமல் வெடிக்கும், நொடியில் ஓயும். போனைத் தள்ளி வைத்துவிடுங்கள்.

காரைக்குடிப் பக்கத்துப் பெரிய வீடுகளில் பகலில் வளவு (நடுமுற்றம்) வெளிச்சம் திரையில் விழுந்து இருட்டுக் காட்சிகளை அழித்துவிடும். கல் தூணும் ஆத்தங்குடித் தரையும் சத்தத்தை எதிரொலிக்கும். இரவில், உள்ளறையில், ஜமுக்காளம் விரித்துப் பாருங்கள். முணுமுணுப்புக்கு ஏற்றபடி வால்யூம் வைத்தால் அடுத்த அலறலில் அப்பத்தாவும் பிள்ளைகளும் எழுந்துவிடுவார்கள். வசனத்தைப் படிக்கத்தான் போகிறோம். அலறலுக்கு ஏற்றபடி வையுங்கள். டப்பிங் வேண்டாம். அடிக்குரலில் தொடங்கிக் கத்தலாக வெடிக்கும் அந்த யாகுசாப் பேச்சு டப்பிங்கில் செத்துவிடும்.

சப்டைட்டில் ஒரே அளவில் பிந்தினால் விஎல்சி வீடியோ பிளேயரில் 'ஜி' விசை, முந்தினால் 'ஹெச்'. போகப் போக விலகல் கூடினால் அது ஃப்ரேம் வேகக் கோளாறு: நொடிக்கு 25 ஃப்ரேம் ஓடும் வீடியோவுக்கு 23.976 ஃப்ரேமுக்கான சப்டைட்டில் போட்டால் மணிக்கு இரண்டரை நிமிடம் விலகும். விசையால் சரிவராது, வேறு கோப்பு தேடுங்கள்.

இவை பழகிய பிறகு 'இச்சி'. முழு நீளம் 128 நிமிடம். பிரிட்டனில் 3 நிமிடத்துக்கு மேல் வெட்டியே வெளியிட்டார்கள். பெண்களைச் சித்திரவதை செய்யும் காட்சிகள் உண்மையிலேயே கொடூரமானவை. தாங்காவிட்டால் அவற்றை ஓட்டிவிடுங்கள், கதை புரியும்.