ஓ.ஆர்.எஸ். கலக்க ஒரு காலி பாட்டில்

காலியான ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கழுவி, ஓ.ஆர்.எஸ். (உடல் இழந்த நீரை ஈடுகட்டக் கரைத்துக் குடிக்கும் உப்பு-குளுக்கோஸ் தூள்) பாக்கெட்டோடு சேர்த்தே வையுங்கள். வெயில் காலத்தில் வயிற்றுப்போக்கு வந்தால், காய்ச்சி நன்றாக ஆறவைத்த தண்ணீரை நிரப்பி (சூடாக ஊற்றினால் பாட்டில் நெளிந்துவிடும்), முழுப் பாக்கெட்டையும் கொட்டிக் குலுக்குங்கள். பலரும் டம்ளரில் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கலக்குகிறார்கள், அதுதான் தப்பு. குளுக்கோஸும் உப்பும் சரியான அளவில் இருந்தால்தான் குடல் தண்ணீரை நன்றாக உறிஞ்சும். உப்பு கூடினால் குழந்தைகளுக்கு ஆபத்து. 24 மணி நேரம் கடந்தால் மீதியைக் கொட்டிவிடுங்கள்.

200 மி.லி. சின்னப் பாக்கெட்டுக்கு இந்தக் கணக்கு சரிவராது, பாக்கெட்டின் பின்பக்கம் பாருங்கள். மலத்தில் ரத்தம், நிற்காத வாந்தி, மயக்கம் என்றால் பாட்டிலைத் தேடாமல் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.