பழைய ஹோம் ஆட்டோமேஷன் கன்ட்ரோலரை மாற்றலாமா? மலைவீடுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோத்தகிரியில் உள்ள எங்கள் வீட்டின் வாசல் விளக்குகள், வெந்நீர் கீசர், தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார், கேட்டருகே இருக்கும் அசைவு சென்சார் ஆகிய எல்லாவற்றையும் இயக்கும் கன்ட்ரோலருக்கு ஒன்பது வயதாகிறது. சென்ற ஐப்பசி மழையில் அது வாரத்துக்கு இரண்டு முறை நின்றுபோகத் தொடங்கியதும், "பழசாகிவிட்டது, புதிது வாங்கிவிடுங்கள்" என்று சொல்லாதவர்களே இல்லை. வாங்குவதென்று நானும் முடிவு செய்துவிட்டேன். அதற்கு முன் பெட்டியைத் துடைத்து வைக்கலாம் என்று திறந்தபோதுதான், அடாப்டரின் பின் செருகும் இடத்தில் பச்சைக் களிம்பு படிந்திருப்பது தெரிந்தது. மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். 5 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில், சாதனங்களைப் போட்டு அணைக்கும் நான்கு ரிலேக்களும் சேர்ந்து இழுத்தவுடன் 4.5 வோல்ட்டுக்கு இறங்கியது. அடாப்டரையும் வயரையும் மாற்றினேன். அந்த மழைக்காலம் முடியும்வரை கன்ட்ரோலர் அதன் பிறகு ஒருமுறைகூட நிற்கவில்லை.

கோளாறு எங்கே என்று பார்க்காமல் வயதின் மேல் பழி போடுவது, இந்த விஷயத்தில் எல்லோரும் செய்யும் முதல் தவறு. கன்ட்ரோலரின் சிப் ஒன்பது ஆண்டுகளில் தேய்ந்துபோவதில்லை. அதைச் சுற்றியுள்ள அடாப்டர், மெமரி கார்டு, வயர் முனை, பேட்டரி ஆகியவைதான் தேய்கின்றன. அவற்றில் எது போனாலும் வெளியில் தெரியும் அறிகுறி ஒன்றே: எதுவும் வேலை செய்யவில்லை. எனவே முடிவெடுப்பதற்கு முன்னால் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, நின்றுபோன நாள், நேரம், அப்போது மழையா, கரண்ட் போய் வந்ததா என்ற நான்கையும் இரண்டு மாதம் எழுதி வையுங்கள். கூடலூர், பந்தலூர், குந்தா பக்கம் தென்மேற்குப் பருவமழை ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கொட்டும். குன்னூரிலும் கோத்தகிரியிலும் வடகிழக்குப் பருவமழை அக்டோபரிலிருந்து பெய்யும். உங்கள் வீட்டுக் கோளாறுகள் உங்கள் பக்கத்து மழையோடு சேர்ந்தே வந்தால், பழுது ஈரத்திலோ மின்சாரத்திலோ இருக்கிறதே தவிர கன்ட்ரோலரின் வயதில் இல்லை. கன்ட்ரோலர் ராஸ்பெர்ரி பை போன்ற சிறு கணினிப் பலகையாக இருந்தால் இன்னும் எளிது: மின்னழுத்தம் 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கும்போது அது 'அண்டர் வோல்டேஜ்' என்று தன் பதிவேட்டிலேயே எழுதி வைக்கும். அந்த வரியைத் தேடிப் பார்க்காமல் புதுப் பெட்டி வாங்குகிறவர், அதையும் அதே அடாப்டரில்தான் மாட்டப் போகிறார்.

மின்சாரத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பைகாராவில் 1932-இலேயே நீர்மின் உற்பத்தி தொடங்கியது. அந்த மின்சாரம் மலையிறங்கிக் கோவையின் ஆலைகளை ஓட்டியது. ஆனால் மலையில் ஒரு கற்பூர மரமோ சீகை மரமோ கம்பியின் மேல் சாய்ந்தால் இன்றும் நம் வீடுகள் அரைநாள் இருட்டில்தான் கிடக்கின்றன. கரண்ட் போவதைவிடத் திரும்பி வரும் விதம்தான் கன்ட்ரோலருக்கு ஆகாதது. வந்து, போய், மீண்டும் வரும் அந்தச் சில நிமிடங்களில் மெமரி கார்டில் பாதி எழுதிய நிலையில் பலகை அணைந்துபோனால், கார்டில் உள்ள கோப்புகள் சிதைந்துவிடக்கூடும்.

மெமரி கார்டு கெட்டுப்போவதாவது கண்ணுக்குத் தெரியும். கடிகாரம் தப்பாக ஓடுவது தெரியாது. ராஸ்பெர்ரி பை வரிசையில் 2023-இல் வந்த 5-ஆம் மாடலுக்கு முந்தைய பலகைகள் எதிலும், மின்சாரம் இல்லாதபோதும் ஓடும் கடிகாரம் கிடையாது. அவை இணையத்திலிருந்துதான் நேரத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்கின்றன. கரண்ட் வந்துவிட்டது, ஆனால் மண்சரிவில் அறுந்த ஃபைபர் இன்னும் ஒட்டப்படவில்லை என்ற நிலையில், பலகை தான் அணைந்த நேரத்தையே இப்போதைய நேரமாக எடுத்துக்கொண்டு எழுந்திருக்கும். காலை 5 மணிக்குப் போட வேண்டிய கீசரை அது மத்தியானம் போடும். மாலையில் எரிய வேண்டிய வாசல் விளக்கை நடுநிசியில் எரிய விடும். "பைத்தியம் பிடித்துவிட்டது, மாற்ற வேண்டும்" என்று பலர் முடிவுகட்டுவது இந்த நிலையைப் பார்த்துத்தான். டிஎஸ்3231 என்ற சிறு கடிகாரத் துண்டை, அதற்குரிய பட்டன் பேட்டரியோடு வாங்கிப் பலகையில் செருகினால் தீர்ந்துபோகும் குறை இது. இதில் வேடிக்கை என்னவென்றால், இந்தக் குறைக்காகவே 5-ஆம் மாடலுக்கு மாறுகிறவர்களும் உண்டு. அதில் கடிகாரம் இருக்கிறது, ஆனால் அதற்கான பேட்டரியைத் தனியே வாங்கிச் செருக வேண்டும். அதைச் செருகாதவர் வீட்டில் புதுப் பலகையும் கரண்ட் போனால் நேரத்தை மறந்துவிடும்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. "நன்றாகத்தானே ஓடுகிறது, எதற்குத் தொட வேண்டும்?" என்று பத்தாண்டுப் பெட்டியை அப்படியே விட்டுவைப்பது அது. ஓடுகிறதா என்பது ஒரு கேள்வி. எதை நம்பி ஓடுகிறது என்பது இன்னொரு கேள்வி. ரிவால்வ் என்ற கன்ட்ரோலரை, அதை வாங்கிய நிறுவனம் 2016 மே மாதத்தில் சேவையை நிறுத்தி வெறும் பிளாஸ்டிக் டப்பாவாக்கிவிட்டது. இன்ஸ்டியான் நிறுவனத்தின் சர்வர்கள் 2022 ஏப்ரலில் முன்னறிவிப்பே இல்லாமல் அணைந்தன. இரண்டிலும் வீட்டிலிருந்த பெட்டிகளுக்கு எந்தப் பழுதும் இல்லை. 2021 செப்டம்பர் 30 அன்று, தான் பேசும் சர்வரை நம்பலாமா என்று சாதனம் சரிபார்க்க இணையத்தில் பரவலாகப் பயன்பட்டுவந்த ஒரு மூலச் சான்றிதழ் காலாவதியானது. புதிய சான்றிதழ் ஏற்றப்படாத பழைய சாதனங்கள் பலவும் அன்றைக்கு ஒரே நாளில் இணையச் சேவைகளோடு பேச முடியாமல் போயின. உங்கள் பெட்டி இப்படிப்பட்டதா என்று அறியப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. ஒரு நாள் மாலை ரவுட்டரிலிருந்து இணைய வயரைப் பிடுங்கிவிட்டு, வழக்கம்போல வீட்டில் நடமாடிப் பாருங்கள். விளக்கும் கீசரும் மோட்டாரும் சொன்னபடி கேட்டால் பெட்டியை வைத்துக்கொள்வதில் தவறில்லை. எதுவும் அசையவில்லை என்றால், அது எவ்வளவு புதியதாக இருந்தாலும் மலைவீட்டுக்கு ஏற்றதல்ல.

பாதுகாப்புத்தான் வயதைக் காரணமாகச் சொல்லத் தகுந்த ஒரே இடம். இங்குள்ள வீடுகள் பலவற்றின் உரிமையாளர்கள் கோவையிலோ சென்னையிலோ இருந்துகொண்டு செல்போனில்தான் வீட்டைப் பார்க்கிறார்கள். அதற்காக ரவுட்டரில் போர்ட்டை, அதாவது வெளியிலிருந்து உள்ளே வரும் வழியை, திறந்து, ஆண்டுக்கணக்கில் அப்டேட் வராத கன்ட்ரோலரை உலகத்துக்கே காட்டிக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த போர்ட்டை இன்றைக்கே மூட வேண்டும். வயர்கார்டு போன்ற விபிஎன் என்ற பூட்டிய தனிவழியாக உள்ளே நுழைய அந்தக் கன்ட்ரோலர் ஒத்துழைக்காவிட்டாலும், ரவுட்டரில் அதை அமைத்துக்கொள்ளலாம். அப்டேட்டும் வராது, இணையத்தை விட்டுத் தனித்தும் இயங்காது என்ற இரண்டும் சேர்ந்த பெட்டியைத் தயங்காமல் மாற்றிவிடுங்கள்.

மாற்றுவது என்று ஆனபின் நடக்கும் தவறுகளில் பணத்தை அதிகம் விழுங்குவது, பெட்டியின் விலையை மட்டும் பார்ப்பது. பெட்டி சில ஆயிரம் ரூபாய்தான்; வேலை இருப்பது சாதனங்களில். இசட்-வேவ், ஜிக்பீ என்பவை சாதனங்கள் கம்பியில்லாமல் கன்ட்ரோலரோடு பேசும் இரண்டு முறைகள். இசட்-வேவ் சாதனம் ஒவ்வொன்றும் தான் சேர்ந்திருக்கும் கன்ட்ரோலரின் வலைக்கே கட்டுப்பட்டது. பழைய வலையைக் காப்புப்பிரதியாக எடுத்துப் புதியதில் ஏற்ற வழி இல்லையென்றால், ஒவ்வொன்றையும் பழையதிலிருந்து விலக்கிப் புதியதில் மறுபடி சேர்க்க வேண்டும். ஜிக்பீயிலும் வலையின் சாவியோடு சேர்த்துக் காப்புப்பிரதி எடுக்க முடிந்தால்தான் தப்பலாம். இல்லாவிட்டால் அங்கும் இதே கதைதான். பழைய பங்களாவில் பதினான்கடி உயரக் கூரையில் ஒட்டிய சென்சாரின் பட்டனை அழுத்த ஏணி போட்டு ஏற வேண்டும். ஈரத்தில் இறுகிப்போன பேட்டரி மூடியைக் கத்தியால் நெம்ப வேண்டும். இருபத்தைந்து சாதனங்கள் உள்ள வீட்டில் இது முழுதாக இரண்டு நாள் வேலை. வாங்குவதற்கு முன்பே சாதனங்களை எண்ணிப் பட்டியலிட்டு, எது எந்த முறையில் பேசுகிறது, எதற்கு ஏணி வேண்டும் என்று பக்கத்தில் எழுதி வைத்தால், பாதிப் பேர் மாற்றும் எண்ணத்தையே கைவிடுவார்கள் என்பது என் கணிப்பு.

வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் பெட்டியில் கன்ட்ரோலரைக் கொண்டுவரச் சொல்வதும் நம்மிடம் சகஜம். இசட்-வேவ் அலைவரிசை நாட்டுக்கு நாடு மாறும்: இந்தியாவில் 865.2 மெகாஹெர்ட்ஸ், அமெரிக்காவில் 908.42 மெகாஹெர்ட்ஸ். அமெரிக்காவுக்கென்று செய்த பெட்டி இங்குள்ள சுவிட்சுகளோடு பேசவே பேசாது. ஜிக்பீக்கு இந்தத் தொல்லை இல்லை. உலகெங்கும் அது 2.4 கிகாஹெர்ட்ஸில் இயங்குகிறது.

புதிய கன்ட்ரோலர் வந்தால் சிக்னல் எட்டும் தூரம் கூடிவிடும் என்ற நம்பிக்கையையும் விட்டுவிடுங்கள். ஒன்றரையடிக் கருங்கல் சுவரும் தகரக் கூரையும் எந்தப் புதுப் பெட்டிக்கும் வழிவிடப் போவதில்லை. இந்த வலைகளில் எப்போதும் கரண்டில் இருக்கும் பிளக்கும் சுவிட்சும்தான் சிக்னலை வாங்கிக் கைமாற்றி விடுகின்றன. எங்கள் வீட்டில் கேட்டு சென்சார் சனி, ஞாயிறுகளில் வேலை செய்து, திங்கட்கிழமையானால் செத்துப்போகும். காரணம் புரியாமல் ஒரு மாதம் தலையைப் பிய்த்துக்கொண்டேன். ஒருநாள், வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெரியவரிடம் போனில் பேசிக்கொண்டிருந்தபோது, "விருந்தாளிங்க கிளம்பினதும் வராந்தாவுல இருக்கற சுவிட்சு எல்லாத்தையும் ஒண்ணு விடாம அணைச்சிடுவேன் சார், கரண்டு வீணாப் போவக் கூடாதில்ல?" என்றார். அணைத்தவற்றில் சிக்னலைக் கேட்டுவரை கடத்திய பிளக்கும் ஒன்று. அவர் மேல் தவறே இல்லை. அந்த பிளக்கின் மேல் ஒரு துண்டு டேப்பை ஒட்டி 'அணைக்க வேண்டாம்' என்று எழுதாதது என் தவறு.

புதிய பலகையால் சிக்னல் கெடுவதும் உண்டு. பழைய பலகைகள் பலவற்றில் யுஎஸ்பி 3 கிடையாது. புதியவற்றில் அது இருப்பதால் எஸ்எஸ்டி என்ற சேமிப்புக் கருவியை அதில் மாட்டி, பக்கத்துத் துளையிலேயே ஜிக்பீ சிக்னலை வாங்கும் குச்சியையும் செருகிவிடுகிறோம். யுஎஸ்பி 3 வேலை செய்யும்போது 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சலைக் கிளப்பும். ஜிக்பீயின் காது அதில் அடைத்துக்கொள்ளும். ஒரு மீட்டர் நீட்டிப்பு வயரில் குச்சியைத் தள்ளி வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். வைஃபை 1, 6, 11 ஆகிய சேனல்களில் ஓடும் வீட்டில் ஜிக்பீயை 25-ஆம் சேனலில் வைப்பதும் உதவும். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் வலையின் சேனலை மாற்றினால் சில சாதனங்களை மறுபடி சேர்க்க வேண்டி வரலாம்.

பனிக்காலத்துக்கென்று ஒரு பொய் எச்சரிக்கை உண்டு. தலைக்குந்தா போன்ற பள்ளங்களில் உறைபனி விழும் மார்கழி, தை விடியற்காலைகளில், பட்டன் பேட்டரியின் மின்னழுத்தம் குளிரால் இறங்கி, சென்சார் 'பேட்டரி தீர்ந்தது' என்று சொல்லும் அல்லது வலையிலிருந்து விலகிவிடும். வெயில் ஏறியதும் தானே திரும்பி வரும். அடிக்கடி இப்படி நடந்தால் பேட்டரியை மாற்றினால் போதும். கன்ட்ரோலருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

கீசர் விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். 3 கிலோவாட் கீசர் 230 வோல்ட்டில் 13 ஆம்பியர் இழுக்கும். புதுப் பெட்டியோடு வரும் ரிலேயில் 10 ஆம்பியர் என்று அச்சிட்டிருந்தால், கீசரை அதில் நேரடியாகக் கொடுக்கக் கூடாது. எலக்ட்ரீஷியனிடம் சொல்லி அதிக மின்சாரத்தைத் தாங்கும் கான்டாக்டர் என்ற சுவிட்சு ஒன்றை நடுவில் போட்டுக்கொள்ள வேண்டும். கன்ட்ரோலர் செத்தாலும் கையால் போடவும் அணைக்கவும் முடிகிற பழைய சுவிட்சைச் சுவரிலிருந்து எடுத்துவிடாதீர்கள்.

வெவ்வேறு நிறுவனங்களின் சாதனங்களை ஒன்றோடொன்று பேசவைக்கும் மேட்டர் என்ற பொதுமுறை வந்துவிட்டதே, அது நன்றாகப் பரவட்டும் என்று காத்திருப்பவர்களுக்கு ஒரு வரி: அதன் முதல் பதிப்பு 2022 அக்டோபரிலேயே வந்துவிட்டது, உங்கள் பழைய ஜிக்பீ, இசட்-வேவ் சுவிட்சுகள் அதனால் மேட்டர் சாதனங்களாகிவிடப் போவதில்லை, இடையில் பாலமாக ஒரு கருவி எப்போதும் வேண்டியிருக்கும்.

மாற்றும் வேலையை மே சீசனிலோ ஐப்பசி மழையிலோ வைத்துக்கொள்ளாதீர்கள். மாசி, பங்குனியின் உலர்ந்த வாரங்களில், பழையதை அணைக்காமலே புதியதைப் பக்கத்தில் ஓடவிட்டு, முதலில் விளக்குகளை மட்டும் அதற்கு மாற்றுங்கள். இரண்டு வாரம் தொல்லையில்லாமல் ஓடிய பிறகு மோட்டாரையும், எல்லாவற்றுக்கும் கடைசியாகக் கீசரையும் மாற்றலாம். சாதனங்களுக்குப் பழைய பெயர்களையே வையுங்கள்; பெயர் மாறினால், எழுதி வைத்த விதிகள் எல்லாம் அறுந்துபோகும்.

எங்கள் வீட்டுக் கதைக்கு இன்னொரு பகுதி பாக்கி இருக்கிறது. கன்ட்ரோலரில் நாங்கள் பயன்படுத்தும் ஹோம் அசிஸ்டென்ட் என்ற மென்பொருள், 32 பிட் என்ற பழைய வகை அமைப்புகளுக்கான ஆதரவை விலக்கிக்கொள்வதாக 2025 மே மாதத்தில் அறிவித்தது. எங்கள் கன்ட்ரோலரில் ஒன்பது ஆண்டுகளுக்கு முன் நான் ஏற்றியது 32 பிட். இந்த முறை உண்மையாகவே வாங்கிவிட வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டே பலகையின் மேல் அச்சிட்டிருந்த மாடல் பெயரைப் படித்துத் தேடினேன். அது 64 பிட்டைத் தாங்கும் பலகை. புதிய மெமரி கார்டு ஒன்றில் 64 பிட் பதிப்பை ஏற்றி, காப்புப்பிரதியைத் திரும்ப வைப்பதோடு வேலை முடிந்தது. பழைய கார்டு, தேதி எழுதிய உறைக்குள், கரண்ட் பில் அட்டையோடு சேர்ந்து அலமாரியில் இருக்கிறது.