ஆடாத சுடுமேசைக்கு மூன்று கால் போதும்

காற்றுத் துப்பாக்கியால் குறி பழக மேசை செய்கிறீர்களா? நான்கு கால் வேண்டாம். வன்னி வளவுகளில் நிலம் மட்டமாக இருப்பது அரிது. நான்கில் ஒன்று தூக்கிக்கொண்டே நிற்கும், மூன்று கால் எங்கும் ஊன்றும். பழைய வீடு பிரித்த முதிரை மரமோ பாலை மரமோ கிடைத்தால் விடாதீர்கள், அந்தப் பாரம்தான் ஆட்டத்தை அடக்கும். வலக்கைக்காரர் என்றால் பலகையின் வலப்பக்கத்தை முழங்கை ஊன்றப் பின்னுக்கு நீட்டி, இடப்பக்கத்தில் நெஞ்சு நுழைய வெட்டி விடுங்கள். உயரம் சுமார் 32 அங்குலம். ஆனால் உங்கள் கதிரையில் இருந்து பார்த்த பிறகே காலை அறுங்கள்.

அப்புறம், ஸ்பிரிங் விசையில் சுடும் காற்றுத் துப்பாக்கியை நேரே மணல் பையில் வைத்தால் துள்ளிக் குறி மாறும். பைக்கு மேல் இடக்கையை வைத்து, அதில் தாங்குங்கள். இலக்குக்குப் பின்னால் மண் அணை கட்டாயம்.