மனித ஹெப்சிடின் பெப்டைடை ஆய்வகத்தில் கையாளும் முறை

உடலில் இரும்பின் அளவைக் கட்டுப்படுத்தும் ஹெப்சிடின், கல்லீரலில் சுரக்கும் 25 அமினோ அமிலங்கள் கொண்ட சிறு பெப்டைடு. செல்லிலிருந்து இரும்பை வெளியேற்றும் ஃபெரோபோர்ட்டின் என்னும் புரதத்தோடு அது இணைந்து, அப்புரதத்தைச் செல்லுக்குள் இழுத்துச் சிதையச் செய்கிறது என்பது 2004இல் நிறுவப்பட்டது. புதுச்சேரியின் காலாப்பட்டிலோ கோரிமேட்டிலோ இரத்தசோகையைப் பற்றி ஆராயும் மாணவர், மரபணு மறுசேர்க்கை முறையில் தயாரித்த மனித ஹெப்சிடினை வாங்கினால், அது செல்களைச் சென்றடைவதற்கு முன்பே வீணாவதற்குப் பல வழிகள் உண்டு என்பதை மனத்தில் வைத்துத் தொடங்க வேண்டும்.

வாங்கும்போதே வடிவத்தைச் சரிபாருங்கள். ஃபெரோபோர்ட்டினோடு இணைவதற்கு முதல் ஐந்து அமினோ அமிலங்கள் இன்றியமையாதவை. அவை இல்லாத ஹெப்சிடின்-20 வேலை செய்யாது. ஆகவே அந்த முனையில் டேக் (சுத்திகரிப்புக்காகச் சேர்க்கும் கூடுதல் அமினோ அமிலத் துண்டு) எதுவும் ஒட்டாத, 25 அமினோ அமில வடிவத்தையே கேட்டு வாங்குங்கள். பெப்டைடில் உள்ள எட்டு சிஸ்டீன்களும் (கந்தகம் கொண்ட அமினோ அமிலங்கள்) இரண்டிரண்டாகச் சேர்ந்து நான்கு டைசல்ஃபைடு பிணைப்புகளாக இணைந்திருக்க வேண்டும். தரச்சான்றிதழில் நிறை ஏறத்தாழ 2,789 டால்டன் என்றிருந்தால் பிணைப்புகள் உருவாகியுள்ளன. 2,797 என்றிருந்தால் அவை உருவாகவில்லை. நிறை சரியாக இருந்தும் பிணைப்புகள் தவறான இணைகளில் அமைந்திருக்கலாம் என்பதால், செயல்திறன் சோதனையின் முடிவையும் கேட்பது நல்லது.

ஈ.கோலை பாக்டீரியாவில் தயாரித்ததென்றால் எண்டோடாக்சின் (அந்த பாக்டீரியாவின் வெளிச்சவ்விலிருந்து வரும் நச்சு) அளவைப் பார்க்காமல் வாங்கவே கூடாது. மேக்ரோஃபேஜ் என்னும் நோயெதிர்ப்புச் செல்களில் எண்டோடாக்சின் தானாகவே ஃபெரோபோர்ட்டினைக் குறைக்கும். அப்போது உங்கள் முடிவு ஹெப்சிடினால் வந்ததா, மாசினால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல இயலாது.

நம் கடற்கரைக் காற்றின் ஈரப்பதம் உறைஉலர் பொடிக்குப் பகை. ஃப்ரீசரிலிருந்து எடுத்த குப்பியை உடனே திறந்தால் குளிர்ந்த பொடியின் மேல் நீர் படிந்துவிடும். எனவே மூடியபடியே டெசிகேட்டரில் (ஈரம் உறிஞ்சும் கலம்) அரைமணி நேரமாவது வைத்து, அறை வெப்பநிலைக்கு வந்தபின், மூடியிலும் சுவரிலும் ஒட்டிய பொடி அடியில் சேரும்படி சென்ட்ரிஃபியூஜில் சில நொடிகள் சுழற்றிவிட்டுத் திறக்க வேண்டும். கரைப்பானைத் தயாரிப்பாளர் தரும் தாளின்படியே தேர்ந்தெடுங்கள். 100 மைக்ரோகிராம் பொடியை 100 மைக்ரோலிட்டரில் கரைத்தால் ஏறத்தாழ 358 மைக்ரோமோலார் கரைசல் கிடைக்கும், அதில் 2.8 மைக்ரோலிட்டரை ஒரு மில்லிலிட்டர் ஊடகத்தில் சேர்த்தால் செறிவு 1 மைக்ரோமோலார் ஆகும்.

ஹெப்சிடின் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும் இயல்புடையது; கரைசல் நீர்க்க நீர்க்க, சுவரில் ஒட்டி இழக்கும் பங்கு கூடுகிறது. ஆகையால் அடர்த்தியான நிலையிலேயே, புரதம் ஒட்டாத வகை டியூப்களில், ஒரு முறைக்குப் போதுமான சிறு அளவுகளாகப் பிரித்து −80 டிகிரியில் வையுங்கள். நீர்க்கச் செய்வதைச் சோதனைக்குச் சற்று முன்பு, சீரமோ ஆல்புமினோ சேர்ந்த ஊடகத்தில் செய்யுங்கள். டைதயோதிரெய்டாலோ மெர்காப்டோஎத்தனாலோ கலந்த எதையும் அருகில் விடாதீர்கள். டைசல்ஃபைடுகள் அறுந்தால் பெப்டைடு செயலிழக்கும்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடந்தபோது கடலூர்ப் பகுதியில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அதை நினைவில் வைத்து, வடகிழக்குப் பருவமழைக்கு முன் கையிருப்பைப் பொடியாகவே விட்டுவைத்து, ஜெனரேட்டர் வசதியுள்ள இரண்டு ஃப்ரீசர்களில் பிரித்து வையுங்கள்.

புதிய தொகுதி ஒவ்வொன்றையும் முதலில் சோதித்துவிடுங்கள். மேக்ரோஃபேஜ் செல்களுக்கு ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட் கொடுத்து இரவு முழுதும் வைத்தால் ஃபெரோபோர்ட்டின் பெருகும்; பின்னர் ஹெப்சிடினைச் சேர்த்தால் சில மணி நேரத்தில் அது குறைவதை வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களை ஜெல்லில் பிரித்து, எதிர்ப்பொருளால் அடையாளம் காணும் சோதனை) காணலாம். கரைப்பான் மட்டும் சேர்த்த செல்களும், ஹெப்சிடின்-20 சேர்த்த செல்களும் கன்ட்ரோலாக இருக்கட்டும். பழக்கத்தில், ஜெல்லில் ஏற்றும் மாதிரியைக் கொதிக்க வைத்துவிடாதீர்கள்: சவ்வுப் புரதமான ஃபெரோபோர்ட்டின் கொதித்தால் திரண்டு ஜெல்லின் மேல்முனையிலேயே தங்கிவிடும், பட்டை மங்கியதை ஹெப்சிடினின் விளைவென்று தவறாகக் கொள்ள நேரும்.